சார்ஜரையும் கொண்டு வாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலையில் கணினி திருத்தும் தொழில் செய்கிறவன். உவர்மலையில் ஒரு சின்னக் கடை. காலையில் கதவைத் திறந்தால், முதல்நாள் பாதியில் விட்ட லப்டொப் ஒன்று மேசையில் வயிற்றைத் திறந்தபடி கிடக்கும். லப்டொப் வளர்ந்த கதையையும், இந்தத் துறையில் இருக்கிற நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிச் செய்கிற காரியங்களையும் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். கேட்பதற்கு இரண்டும் வேறு வேறு விஷயம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்வதற்கு 2005 ஜனவரியிலிருந்து தொடங்க வேண்டும்.

சுனாமியில் கடல் வந்து போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன் நான். நிவாரண வேலைக்கு வந்த ஒரு குழுவினர், கொம்பியூட்டரில் விரைவாகத் தட்டத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். போனேன். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது 2009இல்தான். பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரை சேர்ந்து, சனம் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்குப் போனோம். அங்கே பிள்ளைகள் இருந்து படிக்கிற சின்ன மேசை ஒன்றின்மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார்கள். என் வாழ்க்கையில் நான் தொட்ட முதல் லப்டொப் அது.

அதுவரைக்கும் கொம்பியூட்டர் என்றால் குளிரூட்டிய அறை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய இடம். இங்கே அது மண் தரையில், அழுதுகொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பற்றரி நின்றது. பிறகு ஜீப்பின் பற்றரியிலிருந்து கரண்ட் எடுத்தோம். வரிசையில் வருகிறவர்களின் பெயர், வயது, இழந்தவர்களின் பெயர், காணாமற்போனவர்களின் பெயர் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

ஒரு உம்மா வந்தார். காணாமற்போன மகனின் பெயரைச் சொன்னார். நான் தட்டியதும் எட்டித் திரையைப் பார்த்து, "இங்கிலீசில போடாதீங்க தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது. தமிழில எழுதுங்க, நான் பார்க்கணும்" என்றார். பாமினி எழுத்துருவில் மாற்றி எழுதிக் காட்டினேன். விரலை எழுத்துக்கு மேலே வைத்து, கூட்டிக் கூட்டி வாசித்தார். அதன் பிறகு நான் எல்லாரையும் தமிழிலேயே எழுதினேன்.

அந்தக் கோப்பை நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்த் திறந்தபோது ஒரு பெயர்கூட வாசிக்க முடியவில்லை. அந்தக் கொம்பியூட்டரில் பாமினி இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் குப்பை. இரவிரவாக இருந்து அத்தனை பெயரையும் ஆங்கிலத்தில் திரும்பத் தட்டச் சொன்னார்கள். தட்டினோம். ஒரே பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினோம். ஒரே ஆள் பட்டியலில் இரண்டு பேராகவும், இரண்டு பேர் ஒரே ஆளாகவும் ஆனார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சனத்திடம் வரத் தெரிந்தது. சனம் சொன்னதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகத் தெரியவில்லை. அந்த உம்மாவிடம் போய் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, யார் இதைக் கற்பனை செய்தார்கள் என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதல் கற்பனை பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் ஆலன் கே என்கிற ஆராய்ச்சியாளர் 1968இலிருந்தே இதைப் பற்றி யோசித்தார். 1972இல் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது கட்டுரையாக எழுதினார். கொப்பி அளவான ஒரு கணினி. எடை இரண்டு கிலோவுக்குள். பிள்ளை அதை மரத்தடிக்குக் கொண்டுபோகலாம், வாசிக்கலாம், எழுதலாம், தானே நிரலும் செய்யலாம். அதற்கு அவர் வைத்த பெயர் டைனாபுக். காட்போட்டில் ஒரு மாதிரி செய்து, அதற்குள் ஈயக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு பாரம் வரைக்கும் கையில் வைத்திருக்கலாம் என்று தூக்கிப் பார்த்தாராம். கணினிகள் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில் ஒருவர் காட்போட் பெட்டியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்தக் கற்பனைக்கு உடனே உருவம் கிடைக்கவில்லை. 1975இல் ஐபிஎம் 5100 என்ற பெட்டியை, தூக்கிச் செல்லலாம் என்று சொல்லி விற்றார்கள். எடை ஏறக்குறைய 25 கிலோ. அரை மூட்டை அரிசிப் பாரம்.

அதே 1975இல், மார்ச் 5ஆம் திகதி இரவு, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஒரு வீட்டின் கார் கராஜில் முப்பது பேரளவில் கூடினார்கள். எல்லாரும் மின்னணுவியலில் பைத்தியமானவர்கள். யாரோ ஒருவருக்கு ஒரு புதிய கணினிப் பெட்டி கிடைத்திருந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டம் அது. ஹோம்புரூ கணினிக் கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த முதல் இரவு அங்கே இருந்தவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக் ஒருவர். பிறகு அப்பிள் கணினியை வடிவமைத்து, அதன் சுற்று வரைபடத்தை அந்தக் கூட்டத்திலேயே இலவசமாகப் பங்கிட்டவர்.

எனக்கு அதைவிட முக்கியமானவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். அந்தக் கழகத்தின் கூட்டங்களை நடத்தியவர். அவர் வைத்திருந்த முறை மிக எளிமை. முதல் பகுதியில் ஒவ்வொருவரும் எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், விளக்கம் இல்லை. இரண்டாம் பகுதியில் எல்லாரும் கதிரையை விட்டு எழுந்து, தனக்கு வேண்டியவரைத் தேடிப் போய்க் கதைக்கலாம். இருப்பவரும் இல்லாதவரும் தாங்களாகவே ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டங்களுக்குத் தான் எழுதிய கணினிப் புத்தகங்களைக் கொண்டுவந்து விற்ற ஒருவர் இருந்தார். பெயர் அடம் ஓஸ்போர்ன். நேயர்களே, இவரைப் பற்றித் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். இவருடைய தகப்பனார் ஆர்தர் ஓஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியவர். மகரிஷியைப் பற்றி எழுதியவர். அடம் ஓஸ்போர்ன் பிறந்தது பாங்கொக்கில், 1939இல். சிறுபிள்ளைக் காலம் திருவண்ணாமலையிலும் கொடைக்கானலிலும். அருணாசல மலையடிவாரத்தில் ஓடித் திரிந்த அந்தப் பிள்ளைதான், கடைகளில் நல்லாக விற்ற முதலாவது தூக்கிச் செல்லும் கணினியை உலகத்துக்குத் தந்தவர்.

1981 ஏப்ரலில் அது வெளிவந்தது. ஓஸ்போர்ன் 1. வடிவமைத்தவர் வேறு யாருமில்லை, கூட்டம் நடத்திய ஃபெல்சன்ஸ்டைன்தான். 11 கிலோ எடை. தையல் மெஷின் பெட்டி மாதிரி ஒரு கைபிடி. விமானத்தில் இருக்கைக்குக் கீழே வைக்கக்கூடிய அளவு. 5 அங்குலத் திரை, இன்று உங்கள் கையில் இருக்கிற போனின் திரையைவிடச் சின்னது. ஒரு வரியில் 52 எழுத்துத்தான் தெரியும். நினைவகம் 64 கிலோபைட். விலை 1,795 டொலர். அந்த விலைக்குள்ளேயே கடிதம் எழுதும் மென்பொருளும் கணக்குப் பார்க்கும் மென்பொருளும் சேர்த்துக் கொடுத்தார். உள்ளே பற்றரி கிடையாது, போகிற இடத்தில் சுவரில் செருக வேண்டும். இரண்டே வருடத்தில், 1983 செப்டம்பரில், அந்தக் கம்பனி முறிந்துபோனது. ஓஸ்போர்ன் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

முறிந்துபோன கம்பனி என்று பலர் அதைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடிபட்டது வேறு. உலகம் முதன்முதலில் தூக்கிக்கொண்டு திரிந்த கணினி, வாய் திறந்து "என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது தேவை" என்று சொல்லப் பழகிய ஒரு கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

ஓஸ்போர்னுக்குப் போட்டியாக 1982இல் வந்தது கேப்ரோ. உலோகப் பெட்டி, 9 அங்குலத் திரை, 12, 13 கிலோ அளவில் எடை. அந்தப் பெட்டிகளில் ஒன்று இலங்கைக்கும் வந்தது. கொண்டுவந்தவரை எங்கள் ஊர்க் கடலுக்குத் தெரியும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் மைக் வில்சனோடு சேர்ந்து கோணேசர் மலைக்குக் கீழே சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களைக் கண்டவர். அவர் 1983இல் கொழும்பிலிருந்த தன் வீட்டில் கேப்ரோவை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த திரைப்பட இயக்குநர் பீட்டர் ஹயம்ஸுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவர் தூங்கும் நேரம் மற்றவர் எழுதுவார். 1983 என்றவுடன் எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். ஒரே நாட்டில் ஒரு வீட்டிலிருந்து கடிதம் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வேறு எத்தனையோ வீடுகளில் கடிதம் எழுத ஆட்களே இல்லாமல் போயிருந்தார்கள். பின்னாளில் வடக்குக்கு டோர்ச் பற்றரிகூடக் கொண்டுபோக முடியாத காலம் வந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் இப்போதும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பற்றரியின் அருமையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன்பின் வந்த மாற்றங்களை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். சிப்பி மாதிரி மூடித் திறக்கிற வடிவம் 1982இல் கிரிட் கொம்பஸ் என்ற கணினியோடு வந்தது. விலை 8,150 டொலர், சாதாரண ஆட்கள் வாங்க முடியாது. விண்வெளி ஓடத்தில்கூட அது போனது. 1985இல் தோஷிபா நிறுவனம் ஒரு லப்டொப்பைக் கொண்டுவந்தது. 1991இல் அப்பிள் பவர்புக், கீபோட்டைத் திரைப் பக்கம் தள்ளி மணிக்கட்டை வைக்க இடம் விட்டார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா லப்டொப்பும் அந்த அமைப்புத்தான்.

பற்றரியில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். என் கடைக்கு வருகிற முறைப்பாட்டில் பாதி அதுதான். 1989இல் அப்பிள் செய்த தூக்கிச் செல்லும் கணினியின் எடை 7 கிலோவுக்கு மேல். காரில் இருப்பது போல ஈய பற்றரி அதில் இருந்தது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழி செய்த ஜோன் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. நியாயமான பரிசு. இந்தப் பற்றரி இல்லாவிட்டால் மடிக்கணினி மடிக்கு வந்திருக்காது.

ஆனால் இது வெப்பத்துக்குப் பயந்த பொருள். பற்றரிக்குள் இருக்கிற ஒவ்வொரு கலமும் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட் அளவுக்குப் போகும். அந்த உச்சத்திலேயே நெடுநேரம் இருந்தால் உள்ளே இருக்கிற திரவம் மெல்ல மெல்லச் சிதையும். சூடு சேர்ந்தால் சிதைவு வேகமாகும், வாயு உண்டாகும், பற்றரி ஊதும். கச்சான் வீசுகிற மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க சார்ஜரில் செருகியபடி வேலை செய்கிற லப்டொப்புக்கு இதுதான் நடக்கிறது. பல லப்டொப்களில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்துகிற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். கீபோட் நடுவில் மேடு தட்டினால், மவுஸ் தடவுகிற இடம் அழுந்தாமல் இறுகினால், உள்ளே பற்றரி ஊதிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், ஊசியால் குத்தவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

அடுத்தது உப்பு. திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல். வாடைக் காற்றுக் காலத்தில் டச்சு விரிகுடாப் பக்கத்து வீட்டு லப்டொப்பைத் திறந்தால், விசிறிக்குப் பக்கத்திலும் சார்ஜர் செருகுகிற இடத்திலும் பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருக்கும். அது பூஞ்சணமில்லை. காற்றில் வந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, அந்த ஈரம் செம்பை அரிக்கிறது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அரிப்பு இன்னும் வேகம். தண்ணீரால் துடைக்காதீர்கள். ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டு மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். கடல் பக்க யன்னலுக்கு நேரே வைத்து வேலை செய்யாதீர்கள். வேலை முடிந்தபின் மூடியுள்ள பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலம்தான். இந்த விஷயம் நான் பார்த்த எந்த லப்டொப் கையேட்டிலும் இவ்வளவு விரிவாக இல்லை. இது எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சொல்லித் திரண்ட அறிவு.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடியைத் தருகிறார்கள். வங்கியில் நெட்வேர்க் பார்க்கிற அண்ணா, பாடசாலையில் ஐசிடி என்கிற தகவல் தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கிற டீச்சர், கிண்ணியாவில் போன் திருத்துகிற நானா, கந்தளாயிலிருந்து பஸ் ஏறி வருகிற சிங்களத் தம்பி, கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள். ஃபெல்சன்ஸ்டைனின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டோம். முதல் அரை மணி நேரம் இருப்பது என்ன, வேண்டியது என்ன. மூன்று மொழியில் நடக்கும். அதனால் கொஞ்சம் நேரமெடுக்கும், பரவாயில்லை.

நிலாவெளியில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுகிற தங்கச்சி ஒருவர் முதல் தடவை வந்தபோது எழுந்து நின்று, "என்னிடம் வேலை இருக்கிறது, நல்ல லப்டொப் இருக்கிறது. நாலு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரையும் நேரில் கண்டதில்லை. எனக்கு வேண்டியது ஆட்கள்" என்றார். மண்டபம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. எங்கேயும் கொண்டுபோகலாம் என்று செய்த பெட்டி, எங்கேயும் போகத் தேவையில்லை என்ற நிலைக்கு எங்களைக் கொண்டுவந்திருக்கிறது. அந்தத் தங்கச்சி இப்போது ஒவ்வொரு மாதமும் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறார்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது புது லப்டொப் வாங்குவது பல வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாத காரியமானது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டும் வந்தது. பழைய லப்டொப் ஏதும் அலுமாரியில் கிடந்தால் தாருங்கள் என்று கேட்டோம். பத்து வருடப் பழசு, தொடங்க ஐந்து நிமிடம் எடுக்கும், தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருந்தவை. சுழலுகிற ஹாட் டிஸ்கைக் கழற்றி, சுழலாத வேகமான எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். அரை நிமிடத்தில் எழும்பின. இப்படி ஒன்பது லப்டொப் இருக்கின்றன. உயர்தரத்துக்கு ஐசிடி எடுத்த பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரவல் கொடுக்கிறோம். மூதூரிலிருந்து ஒரு மகள் திருப்பித் தரும்போது, கழன்றிருந்த ஒரு கீயைத் தானே ஒட்டித் தந்தாள். எப்படி என்று கேட்டோம். திறந்து பார்த்தேன் என்றாள். அவளையும் திருத்துகிற மேசையில் உட்கார வைத்துவிட்டோம்.

கடைசியாகப் பாமினி. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான், பார்க்கிற கண்ணுக்கு மட்டும் தமிழ். யூனிகோட் என்கிற, எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி முறையில் தமிழுக்கென்று தனி இடம் 1991இலேயே கிடைத்துவிட்டது. ஒருங்குறியில் எழுதினால் கொழும்பிலும் கனடாவிலும் போனிலும் அதே எழுத்தாகத் திறக்கும், தேடினால் அகப்படும். இருந்தும் எங்கள் பகுதியில் கோயில் கணக்கு, பள்ளிவாசல் பதிவு, சங்க அறிக்கை என்று எத்தனையோ இன்னும் பாமினியில் கிடக்கின்றன. அவற்றை மாற்றுவதற்கென்று ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு முன் கிண்ணியா நானா ஒரு கீறல் விழுந்த சீடியோடு வந்தார். பள்ளிவாசல் அலுமாரியில் கிடந்ததாம். உள்ளே ஒரே ஒரு கோப்பு. திறந்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. 2005 ஜனவரியில் நான் தட்டிய பட்டியல், ஆங்கிலத்துக்கு மாற்றுவதற்கு முந்தியது. ஒருங்குறிக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆனால் பிழை பார்க்க வேண்டுமே. நானா ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார், நான் திரையில் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த உம்மாவின் மகனின் பெயர் வந்தது. ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. நானா அதை இரண்டாம் தரமும் வாசித்தார். அவருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். அச்சடித்த ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

அடுத்த கூட்டம் வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இடத்தை நிகழ்ச்சி முடிவில் அறிவிப்பாளர் சொல்வார். ஓடுகிற லப்டொப், ஓடாத லப்டொப், எதையும் கொண்டு வரலாம். பாமினிக் கோப்புகள் இருந்தால் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வாருங்கள், சீடியானாலும் பரவாயில்லை, வாசிக்கிற டிரைவ் எங்களிடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வரலாம், காசு ஒன்றும் இல்லை. சார்ஜரை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அதையும் கொண்டு வாருங்கள்.

வணக்கம்.